மாநிலங்களவைத் தேர்தல் (தமிழ்நாடு)

மாநிலங்களவைத் தேர்தல் என்பது இந்திய நாடாளுமன்றத்தின் மேலவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து 18 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல். இதில் வாக்களிப்பவர்கள் சட்டப்பேரவையின் 234 உறுப்பினர்கள் மட்டுமே. சேலம் அம்மாபேட்டையின் வாக்காளர் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். மாநிலங்களவைக்கு யார் போவது என்பதில் அவருடைய பங்கு அத்தோடு முடிகிறது. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளையும் நாமக்கல்லின் 6 தொகுதிகளையும் சேர்த்தால் 17 வாக்குகள். ஆறு இடங்களுக்கான தேர்தலில் ஒருவர் வெல்ல வேண்டிய 34 வாக்குகளில் இது சரிபாதி.

தோற்றம்

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி 60 பேர் கொண்ட மேலவை ஒன்று 1921இல் இயங்கத் தொடங்கியது. நிலவரியோ வருமான வரியோ பெருமளவில் செலுத்திய சிலருக்கே அதில் வாக்குரிமை இருந்தது. வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அதன் தொடக்கக்கால உறுப்பினர்களுள் ஒருவர். அரசியல் நிர்ணய சபையில் இரண்டாவது அவை தேவையா என்ற கேள்வி எழுந்தபோது, 1947 ஜூலையில் அதற்காக வாதாடியவர் என். கோபாலசாமி ஐயங்கார். நிதானமான விவாதத்துக்கும், அவசரத்தில் பிறக்கும் சட்டங்களைச் சற்றே தாமதப்படுத்துவதற்கும் மேலவை உதவும் என்பது அவர் வாதம்.

மாநிலங்களவை 1952 ஏப்ரல் 3 அன்று அமைக்கப்பட்டு, மே 13 அன்று முதன்முறையாகக் கூடியது. அப்போது ஆந்திரப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த சென்னை மாநிலத்துக்கு 27 இடங்கள் இருந்தன. மாநிலப் பிரிவினைகளுக்கும் எல்லை மாற்றங்களுக்கும் பின் அது 18 ஆனது.

பதவிக்காலம்

இந்த அவை கலைக்கப்படுவதில்லை. உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவதால், தொடக்கத்தில் யார் இரண்டு ஆண்டில், யார் நான்கு ஆண்டில் விலகுவது என்பது குலுக்கல் மூலம் முடிவானது. தமிழ்நாட்டின் 18 இடங்கள் அறுவர் கொண்ட மூன்று தொகுப்புகளாக நிரப்பப்படுகின்றன.

தேர்வு முறை

வேட்பாளருக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். மேட்டூரைச் சேர்ந்த ‘தேர்தல் மன்னன்’ கே. பத்மராஜன் போன்ற சுயேச்சைகளின் மனுக்கள், முன்மொழிவோர் இல்லாமல் பரிசீலனையிலேயே தள்ளுபடியாகின்றன.

வாக்குப்பதிவு இயந்திரம் இங்கு இல்லை. உறுப்பினர் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என விருப்ப வரிசையை எண்ணால் எழுதுகிறார். ஒவ்வொரு வாக்குக்கும் மதிப்பு 100. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பை, நிரப்ப வேண்டிய இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்றைச் சேர்த்தால் வெற்றிக்கான அளவு கிடைக்கும். 234 பேரும் வாக்களித்து ஆறு இடங்களை நிரப்பினால் அது 3,343. அதாவது 34 வாக்குகள். இந்த அளவைத் தாண்டியவரின் உபரி மதிப்பு அடுத்த விருப்பத்துக்குரியவருக்கு மாற்றப்படும். அதன் பிறகும் இடம் மிஞ்சினால் கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவர் வாக்குகள் மற்றவர்களுக்குப் போகும்.

2003ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. வேட்பாளர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. கட்சி சார்ந்த உறுப்பினர், குறித்த வாக்குச்சீட்டைத் தம் கட்சியின் முகவரிடம் காட்டியாக வேண்டும் என்பது விதியானது. இரண்டையும் எதிர்த்துக் குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் திருத்தம் செல்லும் என்றது. ‘நோட்டா’ இத்தேர்தலுக்குப் பொருந்தாது என 2018இல் தீர்ப்பளித்தது. வாக்களிக்கப் பணம் வாங்கும் உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச்சில் கூறியது.

போட்டியும் போட்டியின்மையும்

வாக்கு எப்படி விழும் என்பது முன்பே தெரிந்துவிடுவதால், கட்சிகள் தங்கள் பலத்துக்கு மேல் வேட்பாளரை நிறுத்துவது அரிது. 2021 பேரவைத் தேர்தலில் தி.மு.க. அணி 159 இடங்களையும் அ.தி.மு.க. அணி 75 இடங்களையும் பெற்றன. 34ஆல் வகுத்தால் ஒன்றுக்கு நான்கு, மற்றதற்கு இரண்டு. 2022, 2025 தேர்தல்களில் அந்தக் கணக்குப்படியே ஆறு பேரும் போட்டியின்றித் தேர்வாயினர். உண்மையான பேரம் கூட்டணிக்குள் நடக்கிறது: தி.மு.க. தன் பங்கிலிருந்து 2022இல் காங்கிரசின் ப. சிதம்பரத்துக்கும், 2025இல் மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசனுக்கும் ஓர் இடம் விட்டுக்கொடுத்தது.

2013 ஜூன் 27 இதற்கு விலக்கு. ஆறு இடங்களுக்கு ஏழு பேர் நின்றனர். அ.தி.மு.க.வின் நால்வரும் இந்தியக் கம்யூனிஸ்டின் டி. ராஜாவும் வென்றனர். தி.மு.க.வின் 23 உறுப்பினர்களோடு காங்கிரஸ், மனிதநேய மக்கள் கட்சி, புதிய தமிழகம் ஆகியவற்றின் ஆதரவையும் பெற்ற கனிமொழி 31 வாக்குகளும், தே.மு.தி.க.வின் இளங்கோவன் 22 வாக்குகளும் பெற்றனர். முதல் விருப்ப வாக்குகளில் உரிய அளவை எட்டாதவரும் வெல்ல முடியும் என்பதைக் கனிமொழியின் வெற்றி காட்டியது.

இடைத்தேர்தலில் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு காலியிடமும் தனித் தேர்தலாக நடப்பதால் பேரவையில் பெரும்பான்மை உள்ளவருக்கே எல்லா இடமும் போகும். 2021இல் அ.தி.மு.க.வின் கே. பி. முனுசாமியும் ஆர். வைத்திலிங்கமும் பேரவைக்குத் தேர்வாகி விலகியபோது, அவ்விரு இடங்களும் தி.மு.க.வுக்குச் சென்றன.

சேலம் – நாமக்கல் உறுப்பினர்கள்

அவ்விரு இடங்களில் ஒன்றைப் பெற்றவர் நாமக்கல் மாவட்டத்தின் கே. ஆர். என். ராஜேஷ்குமார். அவர் 2022இல் முழுப் பதவிக்காலத்துக்கு மீண்டும் தேர்வானார். இவ்வட்டாரத்தின் முன்னோடி, திருச்செங்கோடு அருகே குமாரமங்கலத்தைச் சேர்ந்த ப. சுப்பராயன். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த அவர் 1954 முதல் 1957 வரை மாநிலங்களவையில் இருந்தார். 2010இல் தி.மு.க. சார்பில் கே. பி. ராமலிங்கமும் டி. எம். செல்வகணபதியும், 2019இல் அ.தி.மு.க. சார்பில் மேட்டூர் என். சந்திரசேகரனும், 2025இல் தி.மு.க. சார்பில் பனமரத்துப்பட்டி முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் எஸ். ஆர். சிவலிங்கமும் தேர்வாயினர். உள்ளூர் வாக்குகளால் மட்டும் இவர்களில் எவரும் சென்றிருக்க முடியாது. கட்சியில் வட்டாரத்துக்குள்ள எடையே இவர்களை டெல்லிக்கு அனுப்பியது.

பிற நாடுகள்

அமெரிக்க செனட் உறுப்பினர்களையும் ஒருகாலத்தில் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1913இல் 17ஆவது திருத்தம் அந்த உரிமையை மக்களிடம் நேரடியாகக் கொடுத்தது. இலங்கையில் 1947இல் அமைந்த 30 பேர் கொண்ட செனட்டில் பாதிப் பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது, மறுபாதி நியமனம். 1971இல் அது ஒழிக்கப்பட்டது. இந்தியாவோ சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் முறையை இன்றும் வைத்திருக்கிறது.