மாம்பலத்துக்கு வந்த மின்சார ரயில்

சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் பிறந்த பின்னர், மாம்பலம் ஏரியைத் தூர்த்து, சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் நாமத்தைச் சூட்டி உண்டாக்கிய குடியிருப்பின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள், பனகல் பூங்காவையும் அதிலிருந்து கிளைத்தோடும் விசாலமான சாலைகளையும் வர்ணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அச்சாலைகளுக்கு ஜீவன் தந்தது, அவற்றின் மேற்கெல்லையில் ஓடிய இருப்புப்பாதை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1928இல் தொடங்கி 1931இல் நிறைவேற்றிய கடற்கரை–தாம்பரம் மின்சாரப் பாதை, ஏறத்தாழ 18 மைல் நீளமுள்ள மீட்டர் கேஜ் மார்க்கமாக அன்று இருந்தது. சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்று நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்தமையால், பாதையோரத்துக் குடும்பஸ்தர் பெரும்பாலோருக்கு வண்டியேறும் இடம் நடந்துபோகும் தூரத்திலேயே இருந்தது. சட்டைப்பையில் சீசன் டிக்கெட்டும் கையில் டிபன் பாத்திரமுமாகப் புறப்படும் குமாஸ்தா, கடற்கரை நிலையத்தில் இறங்கி, பாரிமுனைக் காரியாலயத்துக்கும் நடந்தே போய்விடலாம். மாலையில் திரும்புகையில், நிலையத்துப் படியிறங்கியதும் ரங்கநாதன் தெரு. அங்கே கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்து, வெற்றிலைக்கு விலை பேசி, இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு உஸ்மான் சாலையை அடைவதற்குள் வீட்டுக்கு வேண்டியவை சேர்ந்துவிடும். நடந்து வருகிறவன்தானே நின்று விலை கேட்பான்! பிற்காலத்தில் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் நகைக்கும் தமிழ்நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் இங்கே வந்து குவிந்ததற்கு வித்து, அந்தக் குறுகிய தெருவில் விழுந்ததுதான்.

சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டிகள் 1953 ஏப்ரலில் நின்றுபோயின. அவற்றோடு, நகரத்தின் பழைய வீதிகளில் நினைத்த இடத்தில் இறங்கி நடக்கும் சௌகரியமும் போயிற்று. மோட்டார்கள் பெருகப் பெருக, தியாகராய நகரின் நடைபாதைகளும் சுருங்கின. இது பெரிய நஷ்டம். 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தினார்கள். 2023இல் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் ஆகாய நடைபாதையால் இணைத்தார்கள். இரண்டும் வரவேற்கத்தக்கவையே. எனினும், பாதசாரியை மேலே ஏற்றிவிட்டு, உஸ்மான் சாலையின் தரையை மோட்டார்களுக்கே விட்டுவைப்பது பூரணமான பரிகாரம் ஆகாது; ரயிலிலிருந்து இறங்குகிறவர் பனகல் பூங்கா வரை தரையிலேயே நிழலில் நடந்துபோக வழி செய்யவேண்டும்.