கல்லான மரமும் காணாத கருந்துளையும்



பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் வாழ்வோர்க்குத் தொன்மை புதிதன்று. அதே மாவட்டத்துச் சாத்தனூரில், பண்டைக் கடலில் ஆழ்ந்த பெருமரமொன்று கல்லாகிக் கிடக்கின்றது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததற்கு அதுவே சான்று. ஆனால் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய பேரண்டத்தின் முதல் நொடிக்குச் சான்று யாது? கருந்துளையே அச்சான்றாகலாம் என்பர் அறிஞர் சிலர். ஒளியும் தப்ப இயலாத ஈர்ப்புடையது கருந்துளை.

இவ்வாராய்ச்சியின் வரலாற்றில் தமிழர் ஒருவர்க்குப் பெரும்பங்கு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்து செல்லும் கப்பலில் ஒரு கணக்கிட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடையதாயின், அந்நிலையில் நிலைத்து நிற்க இயலாது. மேலும் மேலும் சுருங்கும் என்பது அதன் முடிவு. 1935-இல் இலண்டன் வானியல் கழகத்தில் அவர் இதனைக் கூறியபோது, புகழ்மிக்க எடிங்டன் அவையறிய மறுத்தார். சந்திரசேகரோ தம் கணக்கைக் கைவிட்டாரல்லர். 1983-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

விண்மீன் மடிந்தால்தான் கருந்துளை பிறக்குமோ? அன்று என்று எண்ணினர் பின்வந்தோர். 1966-இல் சோவியத்து அறிஞர் செல்தோவிச்சும் நோவிகோவும், 1971-இல் ஆங்கில அறிஞர் ஆக்கிங்கும் இதனை ஆராய்ந்தனர். விண்மீன்கள் தோன்றாத அத்தொடக்கக் காலத்தில் அண்டம் மிக நெருங்கிய அனற்குழம்பாய் இருந்தது. அதில் ஓரிடம் சுற்றுப்புறத்தினும் போதிய அளவு செறிந்திருந்தால், விரிவு அதனைக் கலைக்குமுன் ஈர்ப்பு அதனை ஒடுக்கிவிடும். மிக முந்திய கணத்தில் பிறந்தது மலையளவு நிறையே பெறும். ஒரு நொடி கழித்துப் பிறந்ததோ இலட்சம் ஞாயிறுகளின் நிறை பெறலாம்.

கருந்துளையும் வெப்பத்தை உமிழ்ந்து தேயும் என்று 1974-இல் ஆக்கிங் காட்டினார். ஏறத்தாழ ஐம்பது கோடி டன் நிறையோடு அன்று பிறந்தவை இக்காலத்தே முற்றத் தேய்ந்து வெடிக்க வேண்டும். அவ்வெடிப்பை எவரும் இன்னும் கண்டிலர்.

காணாமையால் இல்லையென்று தள்ளுதல் தகாது. கணக்கு அழகியது என்பதால் உண்டென்று துணிதலும் தகாது. எடிங்டனின் மறுப்பு முன்னதைக் கற்பித்தது. பின்னதைக் கற்பிப்பது, கையால் தொட்டுணரத்தக்க சாத்தனூர்க் கல்மரம்.