உதை குறைந்த ஷாட்கன்: இளம் வாத்து வேட்டைக்காரருக்கான தேர்வு

ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகளைச் சிதறவிடும் நீள்குழல் துப்பாக்கி. பறக்கும் பறவையைச் சுடுவதற்கென்றே வளர்ந்த வகை இது. ரவைகள் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் உதைக்கும். பெரியவர்கள் சட்டை செய்யாத அந்த உதை, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேட்டையே வேண்டாம் என்ற எண்ணத்தை வரவழைத்துவிடும். வாத்து வேட்டை குடும்ப வழக்கமாக இருக்கும் அமெரிக்க ஊர்களில், பிள்ளைக்கு எதை வாங்குவது என்று யோசிக்கும் பெற்றோர் பலர் இருப்பதிலேயே சின்னதும் லேசானதுமான துப்பாக்கியைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். பெரும்பாலும் அது தப்பான தேர்வு.

காரணம் எளிய இயற்பியல். உதையின் ஆற்றல், வெளியேறும் ரவை, வெடிமருந்து ஆகியவற்றின் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. அதைத் தாங்கும் துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும். ஒரே தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கியிலும் 2.7 கிலோ துப்பாக்கியிலும் சுட்டால், லேசானதில் உதை மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ரவையின் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் உதை ஏறத்தாழ இருபது விழுக்காடு ஏறும். பிள்ளை தூக்க எளிது என்று வாங்கிய இரண்டரைக் கிலோ ஒற்றைக்குழல் துப்பாக்கிதான் பல வீடுகளில் மிக மோசமாக உதைக்கிறது. அதே பிள்ளையின் அப்பா வைத்திருப்பது மூன்றரைக் கிலோ என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

உதைக்கு அஞ்சி .410 என்னும் மிகச் சிறிய குழல் வகையின் பக்கம் போவோரும் உண்டு. அது உதைப்பது குறைவுதான். ஆனால் அதன் எஃகு ரவைத் தோட்டாவில் இருக்கும் ரவை பத்துப் பதினோரு கிராம் மட்டுமே. பரவும் ரவைகளுக்கு இடையே நிறைய இடைவெளி விழும்; வாத்து அடிபட்டுப் பறந்து, எங்கோ போய்ச் சாகும். கைதேர்ந்தவர்களின் துப்பாக்கி என்று வேட்டைக்காரர்கள் அதைச் சொல்வது இதனால்தான்.

எஃகு ரவை வந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய உதைக்கு அதுவும் ஒரு காரணம். வாத்துகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். குளத்தடியில் கிடக்கும் பழைய ஈய ரவைகளையும் அவை அப்படியே விழுங்கி நஞ்சேறிச் சாவது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. வாத்து வேட்டையில் ஈய ரவைக்குப் படிப்படியாக அமலான தடை, 1991-92 பருவத்தில் அமெரிக்கா முழுவதும் வந்தது. ஈயத்தின் இடத்துக்கு வந்த எஃகின் அடர்த்தி அதில் எழுபது விழுக்காடுதான். எனவே காற்றில் சீக்கிரம் வேகமிழக்கும். அந்தக் குறையை ஈடுகட்டத் தோட்டாக் கம்பெனிகள் வேகத்தையும் நீளத்தையும் கூட்டின. 1988-இல் 12 கேஜ் என்னும் குழலளவுக்கு மூன்றரை அங்குலத் தோட்டாவே வந்துவிட்டது. நாற்பது கிராமுக்கு மேல் எஃகை வீசும் அந்தத் தோட்டா, பருத்த தோள்களையே நோகடிக்கும். அதைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

அனுபவசாலிகள் பெரும்பாலும் வந்து நிற்பது 20 கேஜில். இதன் குழல்விட்டம் 15.6 மில்லிமீட்டர்; இந்தியாவில் 12 போர் என்று வழங்கும் 12 கேஜுக்கு 18.5. இரண்டே முக்கால் அங்குல 20 கேஜ் எஃகுத் தோட்டாவில் 21 கிராம் ரவை இருக்கும். மூன்று கிலோ துப்பாக்கியில் அதைச் சுட்டால், 35 கிராம் வீசும் வழக்கமான 12 கேஜ் வாத்துத் தோட்டாவின் உதையில் பாதிகூட வராது. முப்பது கெஜத் தூரத்துக்குள் வரும் வாத்துக்கு அது போதும். பணம் இருப்பவர்கள் பிஸ்மத் ரவை வாங்குகிறார்கள்: எஃகைவிட அடர்த்தி கூடியது, விலை பல மடங்கு. தாத்தாவின் பழைய மெல்லிய குழலுக்குக் கேடு செய்யாது என்பது அதன் இன்னொரு நன்மை; எஃகை அப்படி நம்ப முடியாது.

20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. மஞ்சள் தோட்டா ஒன்று தவறி 12 கேஜ் குழலுக்குள் போனால் நழுவி நடுவழியில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெடிக்காது. துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று நினைத்து அதன் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழல் கைக்கு அருகிலேயே பிளந்துவிடும். அப்பாவிடம் 12, பிள்ளையிடம் 20 என்று போகும் வீடுகளில் இரண்டு வகையையும் ஒரே பையிலோ ஒரே சட்டைப் பையிலோ வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

அடுத்தது இயங்குமுறை. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 போன்ற வாயு இயக்கத் துப்பாக்கிகள், வெடிப்பில் எழும் வாயுவின் ஒரு பகுதியைத் திருப்பி அடுத்த தோட்டாவை ஏற்றப் பயன்படுத்துகின்றன. இதனால் உதை சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது. தோளுக்குக் குத்தாகப் படாமல் தள்ளலாகப் படுகிறது. பெனெல்லி நிறுவனத்தின் நிலைமத் தத்துவத் துப்பாக்கிகள், அதாவது உதையின் விசையாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றுபவை, சேற்றிலும் குளிரிலும் தொல்லை தராதவை, ஆனால் லேசானவை. ஆகவே அதே தோட்டாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக உதைக்கும். கையால் இழுத்து ஏற்றும் பம்ப் வகை, ரெமிங்டன் 870, மாஸ்பர்க் 500 போன்றவை, உதையை ஒளிக்காமல் தோளுக்கே அனுப்பும். விலை குறைவு என்பதும், அடுத்த தோட்டா தானாக ஏறாது என்பதும் அவற்றுக்கு ஆதரவான வாதங்கள். இரண்டாவது வாதம் சின்னதல்ல. வாயுத் துப்பாக்கி வாங்கிய கவனமான பெற்றோர் முதல் பருவம் முழுக்க ஒரே ஒரு தோட்டாவைத்தான் போட அனுமதிக்கிறார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் துப்பாக்கி தோளில் பொருந்தாவிட்டால் வீண். பெரியவர்களின் துப்பாக்கியில் விசையிலிருந்து அடிக்கட்டை வரை ஏறத்தாழ பதினான்கு அங்குலம் இருக்கும். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ போதும். மாஸ்பர்க் 500-இன் சூப்பர் பேன்டம் வகையில் செருகுகட்டைகளைச் சேர்த்து வளர வளர நீளம் கூட்டலாம். பழைய 870-ஐ வாங்கிக் கட்டையை அறுத்து, உதையைத் தாங்கும் மெத்தையைத் திரும்பப் பூட்டுவோரும் உண்டு. அறுத்த துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்வது நல்லது. அளவு பார்க்கும்போது பிள்ளை குளிர்கால மேல்சட்டையோடு நிற்க வேண்டும். டிசம்பரில் அந்தச் சட்டை ஓர் அங்குலம் தின்னும். கன்னத்தைக் கட்டையில் வைத்தபின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் சரி. துப்பாக்கியை ஏந்தியபடியே பிள்ளை முதுகைப் பின்னுக்கு வளைத்தால் முன்பாரம் அதிகம் என்று அர்த்தம்.

உதைக்கு அஞ்சும் பழக்கம் ஒட்டிக்கொண்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி ஒன்றைப் பிள்ளைக்குத் தெரியாமல் போட்டுக் கொடுக்கிறார்கள். விசை 'கிளிக்' என்று விழும்; சத்தமில்லாத அந்த நொடியில் குழல் முனை சட்டென்று கீழே குனிந்தால், கண்கள் இறுக மூடியிருந்தால், பயம் வந்துவிட்டது. அப்போது தோட்டாவை இன்னும் லேசாக்கி, பயிற்சிக்காக வானில் வீசும் களிமண் தட்டுகளுக்குத் திரும்பிப் போவதே வழி. காதுக்கவசம் இதில் பாதி வேலையைச் செய்யும். ஷாட்கன் வெடிப்பு 150 டெசிபலைத் தாண்டும். பிள்ளைகள் பல சமயம் வலிக்கு அஞ்சுவதில்லை, சத்தத்துக்கே அஞ்சுகிறார்கள்.

எங்கே வேட்டையாடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டட்கார்ட், அரிசிக்கும் வாத்துக்கும் உலகத் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். 1936 முதல் அங்கே வாத்தழைப்புப் போட்டி நடக்கிறது. பக்கத்திலுள்ள பாயூ மீட்டோ போன்ற வெள்ளக் காடுகளில், மரங்களுக்கு இடையே இறங்கும் வாத்துகள் இருபது முப்பது கெஜத்துக்குள்ளேயே வந்துவிடும். இத்தகைய இடத்தில் 20 கேஜ் எந்த வகையிலும் குறைச்சலில்லை. பரந்த ஏரியில் ஐம்பது கெஜத்தில் பறக்கும் வாத்தைப் பிள்ளை சுட ஆசைப்பட்டால், துப்பாக்கியை மாற்றுவதைவிட 'இன்னும் கிட்ட வரட்டும்' என்று சொல்லித் தருவதே பொருத்தம்.

சட்டம் தரும் வசதியும் ஒன்று உண்டு. 1996 முதல் கூட்டரசு, இளையோருக்கென்று தனி வாத்து வேட்டை நாட்களை அனுமதிக்கிறது. பதினேழு வயது வரை உள்ளவர்கள் சுடலாம். வயது வரம்பை மாநிலங்கள் இன்னும் குறைக்கலாம். உடன் வரும் பெரியவர் பதினெட்டு நிரம்பியவராக இருக்க வேண்டும், அன்று அவர் வாத்துகளைச் சுடக் கூடாது. வாத்தைச் சுடும் வேலை இல்லாததால் அவருடைய முழுக் கவனமும் பிள்ளையின் விரல் மீது இருக்கும். வாத்து வேட்டையில் எந்தத் துப்பாக்கியும் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு போட்டிருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழானவருக்கு உரிமம் பெற்ற வியாபாரி ஷாட்கன் விற்க முடியாது. ஆகவே கடையில் பில்லும் பொறுப்பும் பெற்றோர் பெயரிலேயே வரும்.