பாரகன் உணவகம், கோழிக்கோடு

கேரளத்தின் கோழிக்கோட்டில், கண்ணூர் சாலையில் சி.எச். மேம்பாலத்தை ஒட்டி இயங்கும் குடும்ப உணவகம் பாரகன். 1939இல் கோவிந்தனும் அவர் மகன் வத்சனும் இதை ரொட்டிக் கடையாகத் தொடங்கினார்கள். பிறகுதான் சோறும் மீனும் வந்தன. இன்று நடத்துபவர் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த சுமேஷ் கோவிந்த்.

வெளியூரில் இதன் பெயரைப் பரப்பியது பிரியாணி. டேஸ்ட் அட்லஸ் இணையதளம் 2023இல் வெளியிட்ட உலகின் புகழ்பெற்ற உணவகங்கள் பட்டியலில் பாரகன் 11ஆம் இடம் பெற்றதும் அதனால்தான். ஆனால் இந்தச் சமையலறையின் உண்மையான அடையாளம் மீன் மாங்காய்க் குழம்பே. மலபார்க் குழம்புகள் பலவற்றில் புளிப்புக்குக் குடம்புளியோ வழக்கமான புளியோ சேரும். இதில் அந்த வேலையைப் பச்சை மாங்காய் பார்த்துக்கொள்கிறது. தேங்காய்ப்பால் காரத்தை அடக்குகிறது. பால் சேர்த்தபின் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பதால் தீயைக் குறைத்தே வைக்க வேண்டும். துணைக்குச் சோற்றைவிட ஆப்பமே பொருத்தம்: ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருப்பதால் குழம்பை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

மலபார்க் கரையில் அயக்கூறை எனப்படுவது நம்மூர் வஞ்சிரம். ஆவோலி என்பது வாவல். இரண்டையும் மசாலா தடவிப் பொரிப்பது இங்கே வழக்கம். கல்லுமக்காய் என்னும் சிப்பியும் இக்கரையின் தனிச்சுவை.

மலபாரிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களைத் தொடர்ந்து பாரகனும் துபாயில் கிளை திறந்தது.