பாதுகாப்பை யார் அளந்தது?

1930 மே மாதத்தில் அமெரிக்காவின் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் எட்டுச் செவிலியர்களை விமானப் பணிப்பெண்களாக அமர்த்தியது. யோசனையைச் சொன்னவர் எலன் சர்ச் என்ற செவிலியர். அன்றைய விமானங்கள் மோசமாகக் குலுங்கின. வாந்தியும் மயக்கமும் அச்சமும் பயணத்தோடு ஒட்டியே வந்தன. பணிப்பெண் செவிலியராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, இரண்டாம் உலகப் போர் செவிலியர்களைப் போர்க்களத்துக்கு அழைத்துக்கொள்ளும் வரை நீடித்தது. வானத்தில் உடல் தளரக்கூடும், தளர்ந்தால் தாங்க ஆள் வேண்டும் என்பதை விமானத் தொழில் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டிருந்தது என்று இதைப் படிக்கலாம். அதே தொழில்தான் பின்னாளில் சக்கர நாற்காலியில் வந்தவரை வாசலில் நிறுத்தி, பாதுகாப்பைக் காரணம் காட்டியது. அந்தக் காரணம் பெரும்பாலும் யாரும் அளந்து பார்த்துச் சொன்னது அல்ல என்பதே என் வாதம். ஊழியர் ஒருவரின் பார்வைக்கு விடப்பட்டிருந்த முடிவு, எழுதப்பட்ட விதிக்குக் கட்டுப்பட்ட அளவுக்குத்தான் விமானக் கதவு திறந்திருக்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது 1980களின் அமெரிக்கா. மாற்றுத்திறனாளிகள் துணைக்கு ஆள் இல்லாமல் ஏறக் கூடாது, மருத்துவச் சான்று வேண்டும், ஒரு விமானத்தில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வழக்கம் வைத்திருந்தது. அரசுப் பணம் பெறும் அமைப்புகள் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் சொல்லியிருந்தது. அரசுப் பணத்தில் கட்டிய ஓடுபாதையில்தானே எல்லா விமானமும் இறங்குகிறது என்று கேட்டு, முடங்கிய முன்னாள் படைவீரர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. பணம் விமான நிலையத்துக்குப் போகிறது, நிறுவனங்கள் அதன் பயனை அனுபவிக்கின்றன, அவ்வளவுதான், அதனால் அந்தச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது என்று 1986 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முடங்கிய அந்தப் படைவீரர்களுக்கு அந்த வேறுபாடு எவ்வளவு கசந்திருக்கும்! ஆனால் தோல்விக்குப் பலன் இருந்தது. நூறு நாள் கடப்பதற்குள், அக்டோபர் 2 அன்று, விமானப் பயண அணுகல் சட்டத்தில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார்.

சட்டத்தைவிட, 1990இல் அதன்கீழ் வந்த விதிகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எண்ணிக்கை வரம்பு ஒழிந்தது. முப்பதும் அதற்கு மேலும் இருக்கைகள் கொண்ட புதிய விமானங்களில், நடைவழி ஓர இருக்கைகளில் பாதிக்காவது கைப்பிடி தூக்கும்படி இருக்க வேண்டும் என்றானது. பாதுகாப்பின் பெயரால் ஒருவரை மறுத்தால் பத்து நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தனியாகப் பயணம் செய்ய முடியும் என்று பயணி சொல்லியும் நிறுவனம் துணையாள் கேட்டால், அந்தத் துணையாளுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பயணியின் சொல்லை மீறலாம், ஆனால் மீறுவதற்கான செலவு மீறுபவருடையது. நிறுத்துவது எளிதாக இருந்ததற்கு அது இலவசமாக இருந்ததே காரணம் என்பதை விதி எழுதியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். விமானம் பேருந்து அல்ல; தீப்பிடித்தால் 90 நொடிகளில் எல்லோரும் வெளியேற வேண்டும், நடக்க முடியாதவர் தன்னையும் பிறரையும் ஆபத்தில் தள்ளமாட்டாரா? கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்த 90 நொடி எப்படி வந்தது என்று பார்ப்போம். பெரிய விமானங்களுக்குச் சான்றளிக்க அமெரிக்க விதி கேட்கும் ஒத்திகை அது. பாதி வாயில்களை மட்டும் பயன்படுத்தி, முழு இருக்கைப் பயணிகளும் இறங்கிக் காட்ட வேண்டும். கலந்துகொள்வோரில் குறைந்தது 40 சதவீதம் பெண்கள், 35 சதவீதம் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். குழந்தைகளுக்குப் பதிலாக மூன்று பொம்மைகள். எல்லோரும் இயல்பான உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. நடக்க முடியாதவரை ஒத்திகையில் சேர்க்கவே இல்லை. அளவெடுக்கும்போது வெளியே நிறுத்திவிட்டு, அதே அளவைக் காட்டி அவரை ஆபத்து என்பது எந்த நியாயத்தில் சேரும்? உண்மையான தேவை இருக்கும் இடத்தில் குறுகிய விதி போதும். அவசர வழிக்கு அருகில், கதவைத் திறக்கக்கூடியவரே அமர வேண்டும் என்று 1990இல் எழுதினார்கள். பார்வையற்றோர் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. அந்த விதி தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வரிசையைப் பற்றிய விதி, முழு விமானத்தையும் மூடிவிடவில்லை.

செலவு பற்றிய மறுப்பு இன்னும் எளிதில் உடைகிறது. லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு 18 பவுண்டு வாங்கிய ரயன்ஏர் மீது பாப் ராஸ் வழக்குப் போட்டார். 2004இல் அவர் வென்றார். 2006ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குமுறை, உதவும் பொறுப்பை விமான நிலையத்திடம் ஒப்படைத்து, செலவை எல்லா நிறுவனங்களுக்கும் பகிர்ந்தது. துணையாளோ கூடுதல் இருக்கையோ தேவைப்படும் மாற்றுத்திறனாளியிடம் உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டாவது கட்டணம் கேட்கக் கூடாது என்று கனடாவின் போக்குவரத்து ஆணையம் 2008இல் உத்தரவிட்டது. ஏர் கனடாவுக்கு ஆகும் செலவை டிக்கெட்டுக்கு ஏறத்தாழ 77 சென்ட் என்று அது கணக்கிட்டது. தாங்க முடியாத சுமை என்று சொல்லப்பட்டதன் விலை அதுதான்.

இந்தியாவில் விதி இருந்தும் ஊழியரின் பார்வை வென்ற நாள் 2012 பிப்ரவரி 19. கொல்கத்தாவிலிருந்து கோவாவில் நடக்கவிருந்த மாநாட்டுக்குப் புறப்பட்ட ஜீஜா கோஷ், பெருமூளை வாதம் உள்ளவர், ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் இருக்கையில் அமர்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். எந்த மருத்துவரிடமும் கேட்காமல் எடுத்த முடிவு அது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. ஆனாலும் 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறன் கொண்ட ஒரு சிறுவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஐந்து லட்சம் அபராதம் விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் விதி திருத்தப்பட்டது. ஊனத்தைக் காட்டி மறுக்கக் கூடாது. வழியில் உடல்நிலை கெடும் என்று கருதினால் பயணியை நேரில் பார்த்த மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். மறுத்தால் உடனே எழுத்தில் காரணம் தர வேண்டும். மருத்துவர் சொன்ன பிறகும் இறுதி முடிவு இன்னும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றக் கேட்பதற்கு, இத்தனை ஆண்டு வரலாறே போதுமான ஆதாரம்.