மயோர்க்காவின் இரவுத் தெருக்கள்: பொது ஒழுங்கின்மையும் பாதுகாப்புணர்வும்

குற்றங்கள் குறைந்தால் மக்களின் அச்சமும் குறையும் என்ற எதிர்பார்ப்பு சுற்றுலாத் தீவுகளில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஏன் என்று ஆராய ஸ்பெயினின் மயோர்க்கா தீவு ஏற்ற இடம். லட்சம் பேருக்கு ஒரு கொலைகூட விழாத நாடு ஸ்பெயின். ஐரோப்பாவிலேயே வன்கொலை குறைந்த நாடுகளில் ஒன்று. ஆனால் அந்நாட்டு உள்துறை அமைச்சகம் வெளியிடும் குற்றக் கணக்குகளில், மயோர்க்காவை உள்ளடக்கிய பலேரிக் தீவுகள் மேல் வரிசையில் வருவது வழக்கமாகிவிட்டது. இந்த வீதத்தை அப்படியே நம்பிவிட முடியாது. மேலே இருப்பது ஓராண்டில் பதிவான குற்றங்கள். கீழே அதை வகுக்கும் எண், நிரந்தரமாகக் குடியிருப்போர் தொகை, ஏறத்தாழ 12 லட்சம். ஆகஸ்ட் தொடக்கத்தில் தீவுகளில் மெய்யாகவே இருப்போர் 20 லட்சத்தை எட்டித் தாண்டுவதைப் பலேரிக் புள்ளியியல் நிறுவனம் நாள்தோறும் கணிக்கும் மனித அழுத்தக் குறியீடு காட்டுகிறது. 2023இல் மட்டும் சுமார் 1.78 கோடிப் பயணிகள் வந்துபோனார்கள். வந்தவரிடம் நடந்த திருட்டை இருப்பவர் தலையில் வகுத்தால் வீதம் ஊதித்தான் தெரியும்.

கணக்கைத் திருத்திவிட்டால் அச்சம் தேவையற்றது என்று முடிவுகட்டலாம் எனச் சிலருக்குத் தோன்றும். நான் வேறு முடிவுக்கு வருகிறேன். விடுமுறைத் தீவில் குற்றத்துக்கு இரையாகிறவரும் அச்சத்தைச் சுமக்கிறவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். பணப்பையை இழந்த பயணி புகார் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரத்தில் ஊர் திரும்புகிறார். அவரை இழக்கச் செய்த தெருவில் ஆண்டு முழுவதும் நடந்தாக வேண்டியவர் வேறொருவர். குற்றக் கணக்கு முதலாமவரை எண்ணுகிறது. பாதுகாப்புணர்வு இரண்டாமவருக்குள் நிகழ்கிறது. இந்த இரண்டாமவரின் உணர்வு குற்றத்தின் அளவைவிட, தெருவைத் தன் பொறுப்பாக நினைத்துக் கவனிக்கும் ஆட்கள் எத்தனை பேர் அங்கே மிச்சம் இருக்கிறார்கள் என்பதையே கூடுதலாகச் சார்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அது சரியானால், மயோர்க்காவின் பாதுகாப்புச் சிக்கலில் பெரும்பகுதி போலீஸ் துறைக்கு வெளியே, வீட்டு வாடகைச் சந்தைக்குள் கிடக்கிறது.

முதலில், ஒழுங்கின்மை என்று எதைச் சொல்கிறோம்? கால்வியா நகராட்சியைச் சேர்ந்த மகலூஃபின் புந்தா பாயேனா தெரு பிரித்தானிய இளைஞர்களின் இடம். பால்மா நகருக்குக் கிழக்கே நீளும் பிளாயா தெ பால்மா கடற்கரை ஜெர்மானியர்களின் இடம். கோடைக்கால நள்ளிரவில் இங்கே மதுக்கூட வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆள் சேர்ப்பவர்களைக் கடக்க வேண்டும். சற்றுத் தள்ளி, நடைபாதையில் ஓர் அட்டையைப் போட்டு மூன்று மூடிகளை மாற்றி மாற்றி நகர்த்துகிறான் ஒருவன். எதனடியில் குண்டு இருக்கிறது என்று சொன்னால் பணம் இரட்டிப்பு. சுற்றி நிற்பவர்களில் ஜெயித்துக் குதூகலிக்கிறவர்கள் எல்லாரும் அவன் கூட்டாளிகள். தெருமுனையில் போலீஸ் தொப்பி தெரிந்ததும் ஒரு சீழ்க்கை. அட்டை மடங்கும், கூட்டம் கலையும், பத்து நிமிடத்தில் அடுத்த முனையில் மறுபடி விரியும். பிறகு வாசற்படியில் சிறுநீர், உடைந்த பாட்டில், விடியும்வரை ஓயாத பாட்டு. இவற்றில் பல குற்றக் கணக்கில் ஏறவே ஏறாதவை. ஏறினாலும் நகராட்சியின் சில்லறை அபராதப் பட்டியலோடு நின்றுவிடும்.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2020 ஜனவரியில் பலேரிக் அரசு 'அத்துமீறல் சுற்றுலா'வுக்கு எதிராக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மகலூஃப், பிளாயா தெ பால்மா, இபீசா தீவின் சாந்த் அந்தோனி ஆகிய வரையறுத்த பகுதிகளில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் வகைச் சலுகைகளும், ஒரே சீட்டில் மதுக்கூடம் மதுக்கூடமாக அழைத்துச் செல்லும் சுற்றுகளும் தடைசெய்யப்பட்டன. இரவு 9.30 முதல் காலை 8 வரை கடைகளில் மது விற்கக் கூடாது. எல்லாம் அடங்கிய கட்டண விடுதிகளில் ஒருவருக்கு ஒரு நாளில் ஆறு கோப்பைதான், மதிய உணவோடு மூன்று, இரவு உணவோடு மூன்று. பால்கனியிலிருந்து குதிப்பவரை விடுதி வெளியேற்றியாக வேண்டும். கடும் மீறலுக்கு அபராதம் 6 லட்சம் யூரோ வரை போகும். சோசலிஸ்டுகள் தலைமையில் போட்ட சட்டத்தை 2023இல் ஆட்சிக்கு வந்த வலதுசாரி மக்கள் கட்சி கைவிடவில்லை. 2024 மே மாதம் இன்னும் இறுக்கி, அப்பகுதிகளின் தெருக்களில் குடிப்பதற்கு 750 முதல் 1,500 யூரோ வரை அபராதம் விதித்தது, கொண்டாட்டப் படகுகளையும் கரையோரம் நெருங்கவிடாமல் தள்ளிவைத்தது. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகள் இதில் ஒத்துப்போகின்றன. அதுவே எனக்குச் சற்று ஐயம் தருகிறது. வாக்காளர் கண்ணில் உடனே படுகிற, விடுதி முதலாளிகளையும் அதிகம் நோகடிக்காத மருந்தை இரு கட்சிகளும் விரும்புவதில் வியப்பில்லை.

இச்சட்டத்தின் பின்னுள்ள சிந்தனை 1982இல் அமெரிக்க அறிஞர்கள் வில்சனும் கெல்லிங்கும் முன்வைத்த 'உடைந்த ஜன்னல்' கருத்தின் வழித்தோன்றல். சிறு ஒழுங்கின்மையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெருங்குற்றம் பின்தொடரும் என்பது அதன் சாரம். சிகாகோவில் தெருத்தெருவாகப் படம்பிடித்து ஆராய்ந்த சாம்ப்சன், ராடன்புஷ் இருவரும் 1999இல் இதை மறுத்தார்கள்: ஒழுங்கின்மை குற்றத்தைப் பெற்றெடுப்பதைவிட, இரண்டுமே ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன, அண்டை அயலார் ஒருவரையொருவர் நம்பி, தேவைப்பட்டால் தலையிடத் தயாராக இருக்கிறார்களா என்பதே அந்த வேர். நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே சொன்னது இதற்கு நெருக்கமானது. அந்நியர் நிறைந்த தெருவும் பாதுகாப்பாக இருக்கலாம், அதைத் தன்னுடையதாகக் கருதும் கடைக்காரரும் குடியிருப்பவரும் ஜன்னலருகில் இருந்தால். விடுமுறைத் தீவுக்கு ஜேக்கப்ஸைப் பொருத்தினால்தான் மயோர்க்காவின் தனித்தன்மை புலப்படும். அங்கே அந்நியர்களின் வரத்து ஏறும்போதே ஜன்னலருகே இருப்பவர்களின் எண்ணிக்கை இறங்குகிறது. இரண்டையும் செய்வது ஒரே சந்தை.

ஓர் அடுக்ககத்தில் பத்து வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடுகள் வாரவாடகைக்குப் போய்விட்டால் படிக்கட்டில் எதிர்ப்படும் முகம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாறும். இரவு இரண்டு மணிக்குக் கீழே சத்தம் கேட்டால், அது யார் வீட்டுப் பையன் என்று தெரிந்து அதட்டக்கூடிய ஆள் இல்லை. தெரியாதவரை அதட்டப் போனால் என்ன ஆகுமோ என்ற தயக்கம்தான் உண்டு. அந்தத் தயக்கமே அச்சத்தின் முதல் வடிவம். பால்மா நகராட்சி இதை ஓரளவு உணர்ந்தது போலும். அடுக்ககங்களில் சுற்றுலா வாடகையை 2018இல் முழுதாகத் தடைசெய்தது. கீழ் நீதிமன்றத்தில் தோற்ற அத்தடையை 2023இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. ஆனால் உரிமமின்றி நடக்கும் வாடகையும், வெளிநாட்டவர் வாங்கிப் பூட்டிவைத்த வீடுகளும் மிச்சம். செவிலியரும் ஆசிரியரும் காவலருமே வாடகைக்கு வீடு கிடைக்காமல் தீவுப் பணியை மறுக்கும் நிலையில், தெருவைக் கவனிக்க இன்னும் இரண்டு ரோந்து வண்டி கேட்பதில் ஒரு விந்தை உண்டு: அந்த வண்டியை ஓட்டுபவருக்கே தீவில் வீடு இல்லை.

இவ்வாதத்துக்குத் தீவுவாசிகளின் நடத்தையே ஒரு சான்று. 2024 மே, ஜூலை மாதங்களில் பால்மாவின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். குடிகாரர்களை அடக்கு, போலீஸைப் பெருக்கு என்பவை அவற்றின் முதன்மைக் குரல்களாக இருக்கவில்லை. மயோர்க்கா விற்பனைக்கு இல்லை, சுற்றுலாவைக் குறைத்து வாழ்வைக் கூட்டு என்றே முழங்கினார்கள். வாடகையைப் பற்றிப் பேசினார்கள். இன்னொரு சான்று நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது. 2009 ஜூலை 30 அன்று, மகலூஃபை ஒட்டிய பால்மாநோவாவில் பாஸ்க் பிரிவினைவாத ஈட்டா இயக்கம் வைத்த குண்டில் இரு சிவில் காவலர்கள் இறந்தார்கள். பத்து நாள் கழித்து பால்மாவிலேயே மேலும் குண்டுகள் வெடித்தன, நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் இல்லை. பாதுகாப்புக்கு வந்த அபாயம் என்ற அளவில் மூடி விளையாட்டுக்காரனோடு இதை ஒப்பிடவே முடியாது. இருந்தும் தீவின் பொதுப்பேச்சில் ஆண்டுக்காண்டு திரும்பி வருவது இரவுத் தெருவின் அலுப்புதான். குண்டுக்குப் பகைவன் யார், பொறுப்பு யாருடையது என்பது தெளிவு. தினசரி ஒழுங்கின்மைக்கு அப்படி ஓர் உரியவர் இல்லை. அதனாலேயே அது அடங்காமல் உறுத்துகிறது.

இதற்கு வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. ஒழுங்கின்மை என்ற பேச்சே வர்க்க வெறுப்பின் மறுபெயர் என்பார்கள் சிலர். மகலூஃபுக்கு வருபவர் பிரித்தானியத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர். அதே கால்வியா நகராட்சியின் புவேர்த்தோ போர்த்தல்ஸ் துறையில் உல்லாசப் படகில் குடிப்பவரை யாரும் அத்துமீறல் என்பதில்லை. மகலூஃபில் களப்பணி செய்த மானுடவியலாளர் ஹேஸல் ஆண்ட்ரூஸ், அங்கே நடப்பதைப் பயணிகளின் சொந்தச் சமூகத்தோடு இணைத்துப் படிக்கச் சொல்கிறார். சாம்ப்சனும் ராடன்புஷும் 2004இல் காட்டியதும் இதற்குத் துணை: கண்ணில் படும் ஒழுங்கின்மையின் அளவைவிட, அங்கே வசிப்போர் எந்த இனம், எவ்வளவு ஏழைகள் என்பதே ஒழுங்கின்மை பற்றிய எண்ணத்தை அதிகம் வடிவமைக்கிறது. பிளாயா தெ பால்மாவில் கறுப்புக் கண்ணாடி விற்று நடக்கும் செனகல் இளைஞனையும், அவனிடம் பேரம்பேசி அவன் தொப்பியைத் தட்டிவிடும் குடிகாரனையும் ஒரே 'பாதுகாப்பின்மை' பட்டியலில் சேர்க்கும் புகார்களில் இந்தக் குருடு அப்பட்டம். இந்த ஆட்சேபத்தின் பாதியை நான் ஏற்கிறேன். எந்தச் சத்தம் அத்துமீறலாகக் கருதப்படும் என்பதில் வர்க்கமும் நிறமும் இருக்கின்றன. ஏற்காத பாதி, எல்லாம் வெறும் கற்பிதம் என்பது. பால்மாவின் சொன் எஸ்பாசஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் 2010 முதல் 2015 வரை பால்கனியிலிருந்து விழுந்து வந்த 46 பேரின் காயங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பெரும்பாலோர் இளம் ஆண்கள், பெரும்பாலோர் பிரித்தானியர், ஏறத்தாழ எல்லாருமே குடித்திருந்தவர்கள். முறிந்த முதுகெலும்பு கற்பிதம் ஆகாது. ஒழுங்கின்மையின் முதல் பலி பல வேளைகளில் அதை உண்டாக்கியவரே என்பதையும் இது காட்டுகிறது. பயணியை வெறும் குற்றவாளியாக நிறுத்தும் பேச்சு அவரை மலிவு மதுவில் மூழ்கவைக்கும் வணிகத்தை மறைத்துவிடுகிறது.

சட்டம் பலன் தருகிறதே, பிறகென்ன என்பது இன்னோர் ஆட்சேபம். 2020 ஜூலை நடுவில், தொற்றுக் காலத்தில், புந்தா பாயேனாவையும் பிளாயா தெ பால்மாவின் பீர்த் தெருவையும் அரசு ஒரே உத்தரவில் மூடியது, சத்தம் நின்றது. மூடினால் அமைதி வரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மகலூஃப் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அப்படித்தான், விடுதிகள் அடைத்து, ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கிறது. ஆனால் ஆளற்ற தெருவில் நடக்கும் பெண்ணுக்கு அமைதி பாதுகாப்பாகத் தோன்றுமா? கோடையில் அந்நியர் நிரம்பிய தெரு, குளிரில் யாருமற்ற தெரு, இரண்டிலும் இல்லாதவர் ஒரே ஆள்: அங்கேயே வசிப்பவர். மது விற்பனை நேரத்தைச் சுருக்குவது முதலாவதன் கூர்மையைத் தணிக்கும். அதற்காகவே நான் அதை ஆதரிக்கிறேன். குடியிருப்பவரை அது திருப்பிக் கொண்டுவராது.

அளப்பதில் இன்னொரு கோளாறும் எஞ்சியிருக்கிறது. ஒரு பகுதியில் நடத்தும் கருத்துக்கணிப்பு அங்கே இன்னும் வசிப்பவர்களைத்தான் கேட்க முடியும். தூக்கமில்லாமலும் வாடகை தாளாமலும் பிளாயா தெ பால்மாவை விட்டுத் தீவின் உள்பகுதிக்குக் குடிபெயர்ந்தவர் அந்த மாதிரியில் இல்லை. எஞ்சியவர்கள் பழகிப்போனவர்களாகவோ, வருமானத்துக்கு அத்தெருவை நம்பியிருப்பவர்களாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே வரும் ஆண்டுகளில் பாதுகாப்புணர்வு உயர்ந்திருப்பதாக ஒரு கணிப்பு காட்டினால், அதைச் சட்டத்தின் வெற்றியாக எழுதுமுன், அதே காலத்தில் முகவரி மாற்றிக்கொண்டவர்களின் நகராட்சிப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கும்.