பிரிந்த பிறகு வந்த பாட்டுகள்



"மலருக்கு ஏதாவது எழுதுங்க" என்று குழுவினர் கேட்டார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கதைகளையும் எழுத என்னைவிடத் தேர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். நான் ஒரு வழக்கோடு வந்திருக்கிறேன். மெல்லிசை மன்னர்கள் விஸ்வநாதன்-ராமமூர்த்தி சார்பாக ஒரு வழக்கு!

அவர்கள் பெயரைச் சொன்னவுடன் நம்மவர்கள் பாவமன்னிப்பு, பாசமலர், நெஞ்சில் ஓர் ஆலயம், கர்ணன், காதலிக்க நேரமில்லை என்று மளமளவென்று அடுக்குவார்கள். பட்டியல் 1965-இல் ஆயிரத்தில் ஒருவனோடு நின்றுவிடும். அந்த வருடம் இருவரும் பிரிந்தார்கள். அதன் பிறகு ஒருவர் காணாமல் போனார், மற்றவர் 1976-இல் அன்னக்கிளி வந்ததும் ஓய்ந்தார் என்பது நம் பொதுவான சரித்திரம். நூறு வாய்களில் புழங்கியதால் இது உண்மையாகிவிடாது. பிரிந்த பிறகு இருவரும் போட்ட பாட்டுகளில் நல்லது எவ்வளவோ இருக்கிறது. நாம் அவற்றைக் கேட்டுக்கொண்டும்தான் இருக்கிறோம், யார் போட்டது என்று தெரியாமல்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. இந்த ஜோடி சேர்ந்ததில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. இருவரும் சி.ஆர். சுப்பராமனிடம் இருந்தவர்கள். ராமமூர்த்தி வயலின், விஸ்வநாதன் ஆர்மோனியம். சுப்பராமன் 1952-இல் இளம் வயதிலேயே இறந்துபோக, பாதியில் நின்ற வேலைகளை இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருடம் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த நம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பணம் படத்தை இயக்கினார். பம்பாயில் சங்கர்-ஜெய்கிஷன் இருப்பதுபோலத் தமிழிலும் ஓர் இரட்டையர் வேண்டும் என்று இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டார். திருச்சிக்காரர் ராமமூர்த்தி 1922-இல் பிறந்தவர், பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்த விஸ்வநாதன் 1928. மூத்தவர் பெயர் பின்னால் வந்தது. அடுத்த பதின்மூன்று வருடம் நடந்தது ஊரறிந்த கதை. 1963-இல் மெல்லிசை மன்னர்கள் பட்டமும் வந்தாயிற்று.

பம்பாய் ஜோடிக்கு வேறு விதமான முடிவு. ஜெய்கிஷன் 1971-இல் மறைந்த பிறகும் சங்கர் தன் கடைசிக் காலம் வரை இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டுக்கொண்டார். நம்மவர்கள் அப்படிச் செய்யவில்லை. கலங்கரை விளக்கம் 1965-லேயே விஸ்வநாதன் பெயர் மட்டும் தாங்கி வந்தது. 1966-இல் ராமமூர்த்தி பெயர் தனியாகத் திரையில் வந்தது. இங்கிலாந்தில் பீட்டில்ஸ் 1970-இல் பிரிந்தபோது நான்கு பேரும் தனித்தனியாகப் போட்ட தட்டுகளை அந்த ஊர்க்காரர்கள் இன்றுவரை ஒப்பிட்டுச் சண்டை போடுகிறார்கள். நாம் அந்தச் சண்டையைக்கூடப் போடவில்லையே!

ராமமூர்த்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். சாது மிரண்டால், தேன் மழை, மறக்க முடியுமா (மூன்றும் 1966), நான் (1967), மூன்றெழுத்து (1968), தங்கச் சுரங்கம் (1969), சங்கமம், காதல் ஜோதி (1970). எண்ணிக்கை குறைவுதான். ஆனால் சாது மிரண்டாலில் பாலமுரளிகிருஷ்ணா பாடும் 'அருள்வாயே' பாட்டை ஒரு தடவை கேளுங்கள். கச்சேரி மேடைக்காரரைத் திரைக்கு அழைத்துவந்தும் பாட்டைக் கச்சேரியாக்காமல் வைத்திருப்பார். மறக்க முடியுமாவில் கலைஞர் எழுதி பி. சுசீலா பாடிய 'காகித ஓடம்' சோகப் பாட்டு, ஆனால் அழுது வடியாது. அதே மனிதர் மறு வருடம் நான் படத்தில் எல்.ஆர். ஈஸ்வரியை 'அம்மனோ சாமியோ' என்று ஆட்டம் போட வைத்தார். சங்கமத்தின் 'தன்னந்தனியாக' இன்றும் வானொலியில் வருகிறது. வந்தால் பத்தில் எட்டுப் பேர் "விஸ்வநாதன் பாட்டுல்லா?" என்பார்கள். சாயாக்கடையில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். வயலின் வில்லோடு வாழ்ந்த மனிதருக்குத் தன் பாட்டே தன் பெயரில் இல்லை.

விஸ்வநாதன் விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்கள் நம்முடையவை. திருவட்டாறு, ஆற்றூர், குலசேகரம், அருமனை எங்கே போனாலும் இரண்டு மொழிப் பாட்டும் காதில் விழும். எனவே லங்காதகனம் (1971), பணிதீராத்த வீடு (1973), சந்திரகாந்தம் (1974) எல்லாம் நமக்குப் புதிதல்ல. பணிதீராத்த வீட்டிலும் சந்திரகாந்தத்திலும் அவரே பாடியும் இருக்கிறார். சென்னையில் இருக்கும் எம்.எஸ்.வி. ரசிகர்களிடம் இதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். மலையாளிகள் அந்தக் குரலைக் கொண்டாடுகிறார்கள். நாமோ இரண்டு வீட்டிலும் விருந்து சாப்பிட்டுவிட்டு ஒரு வீட்டின் பெயரை மட்டும் சொல்கிறோம்.

இனி 1976. அன்னக்கிளி வந்தது, தமிழ்த் திரையிசை மாறியது. அதில் எனக்கு மறுப்பே கிடையாது, இளையராஜாவின் ரசிகன்தான் நானும். ஆனால் அதற்குப் பின் வந்த ஐந்தாறு வருடங்களில் விஸ்வநாதன் என்ன செய்தார் என்று வரிசையாகப் பாருங்கள். 1977-இல் அவர்கள். அதில் கமலும் பொம்மையும் பேசிப் பாடும் 'ஜூனியர் ஜூனியர்' பாட்டுக்கு எஸ்.பி.பி.யோடு சதனைப் பொம்மைக் குரலுக்கு வைத்தார். அதே வருடம் ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள். 'கண்டதைச் சொல்லுகிறேன்' என்று ஜெயகாந்தனின் வரிகளை விஸ்வநாதனே பாடினார். அழகான குரல் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அந்தப் பாட்டுக்கு வேறு குரலை யோசித்துப் பார்க்க முடியவில்லை. பட்டினப் பிரவேசத்தில் கண்ணதாசன் ஒவ்வொரு வரியையும் 'லா'வில் முடித்து விளையாடிய 'வான் நிலா'. அதையும் அலுக்காத மெட்டில் உட்காரவைத்தார். 1978-இல் நிழல் நிஜமாகிறது. மலையாள அடிமைகள் படத்தின் தமிழ் வடிவம் அது. 'கம்பன் ஏமாந்தான்', 'இலக்கணம் மாறுதோ' இரண்டும் அதில்தான்.

1979-இல் நினைத்தாலே இனிக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச அனுமதியுங்கள். சுஜாதா கதை, பாலசந்தர் படம், பாட்டெல்லாம் கண்ணதாசன். தமிழ்ப் பையன்களின் பாப் இசைக் குழு ஒன்று சிங்கப்பூர் போகிறது. குழுவின் பாட்டு என்றால் நம்பும்படி இருக்க வேண்டும், கிட்டாரும் டிரம்ஸும் சும்மா பின்னணிக்கு இருந்தால் போதாது. நம்மூர்க் கோவில் திருவிழா மேடையில் கச்சேரி செய்யும் இசைக்குழுக்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், 'எங்கேயும் எப்போதும்' இல்லாமல் மேடை இறங்கமாட்டார்கள். 'சம்போ சிவசம்போ'வை விஸ்வநாதனே ரஜினிக்காகப் பாடினார். அப்போது அவருக்கு ஐம்பது வயது! ஓய்ந்துபோனவர் என்று நாம் முடிவு கட்டிய மனிதர், தன் பிள்ளை வயதுப் பையன்களின் குழுவுக்குப் பாட்டுப் போட்டு, அதில் தானும் இறங்கிக் கத்துகிறார். 2007-இல் பொல்லாதவன் படத்தில் 'எங்கேயும் எப்போதும்' மறுபடி புதுக்கோலத்தில் வந்ததும் இளைஞர்கள் ஆடினார்கள். அது 1979-இல் யார் போட்டது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1980-இல் வறுமையின் நிறம் சிவப்பு. 'சிப்பி இருக்குது' பாட்டில் ஸ்ரீதேவி மெட்டை முனகுவார் (குரல் எஸ். ஜானகி), கமல் அதற்கு வார்த்தை சொல்வார். விஸ்வநாதனும் கண்ணதாசனும் வருடக்கணக்கில் ஓர் அறையில் உட்கார்ந்து செய்த வேலையே அதுதான். இவர் தத்தகாரம் சொல்ல, அவர் வரி சொல்ல... தங்கள் பட்டறையையே அவர்கள் பாட்டாக்கிக் காட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். மறு வருடம் 1981 அக்டோபர் 17-இல் கண்ணதாசன் மறைந்தார். அதே வருடம் தில்லுமுல்லு, 1982-இல் சிம்லா ஸ்பெஷல், அக்னி சாட்சி. அக்னி சாட்சியின் 'கனா காணும் கண்கள்' இளையராஜா பாட்டு என்று பந்தயம் கட்டித் தோற்றவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், சங்கக் கூட்டத்துக்கு வருவார்கள்!

இப்படிப் பெயர் அழிந்துபோனதற்கு என்ன காரணம்? ஒன்று, சுமாரான படங்களும் அவர் நிறையச் செய்தார். எண்பதுகளில் வந்த பலவற்றை நானே இரண்டாம் தடவை கேட்கமாட்டேன். நல்லது அந்தக் குவியலில் மாட்டிக்கொண்டது. ஆனால் பெரிய காரணம் கேசட் என்பேன். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் டேப் ரெக்கார்டரோடு வந்த காலம் அது. ஜங்ஷனுக்கு ஜங்ஷன் பாட்டுப் பதிவு செய்துதரும் கடைகள் வந்தன. சி-60 கேசட்டை வாங்கிக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாட்டைத் தேர்ந்தெடுப்போம். பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. அட்டையில் 'எஸ்.பி.பி. ஹிட்ஸ்', 'ஜேசுதாஸ் சோகம்', 'கமல் பாட்டு' என்றுதான் எழுதுவார்கள். அதற்கு முன் இலங்கை வானொலி தென்கோடியில் இருக்கும் நமக்குத் துல்லியமாகக் கேட்கும். படம், பாடியவர், எழுதியவர், இசை என்று அறிவிப்பாளர் சொல்லித்தான் பாட்டைப் போடுவார். 1984-இல் நாகர்கோவில் வானொலி நிலையம் வந்தபோது, கேசட்டில் பழகிய காதுகள் அறிவிப்பைக் கவனிப்பதையே விட்டிருந்தன. எம்.எஸ்.வி. பெயரில் கேசட் கேட்டால் கிடைப்பது அறுபதுகளின் பாட்டு. அவருடைய பிந்தைய பாட்டெல்லாம் பாடகர் கணக்கிலும் நடிகர் கணக்கிலும் பற்று வைக்கப்பட்டுவிட்டது.

1986-இல் மெல்லத் திறந்தது கதவு படத்துக்கு விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்தார்கள். பெரும்பாலான மெட்டுகள் மூத்தவருடையவை, இசைக்கோப்பு இளையவருடையது. போட்டி போட்டதாக நாம் கற்பனை செய்துகொண்ட இருவர் ஒரே படத்தில்! 1995-இல் எங்கிருந்தோ வந்தான் படத்தில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று மறுபடி சேர்த்துப் பெயர் வந்தது. முப்பது வருட இடைவெளி. படம் வந்த சுவடு தெரியவில்லை. 2012-இல் முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் திரை இசைச் சக்கரவர்த்தி பட்டமும் ஆளுக்கு அறுபது பொற்காசும் காரும் கொடுத்தார். மறு வருடம் ஏப்ரல் 17-இல் ராமமூர்த்தியும், 2015 ஜூலை 14-இல் விஸ்வநாதனும் காலமானார்கள். பத்ம விருது இருவருக்கும் கடைசிவரை வரவில்லை.

ஒன்றை மறந்தே போகிறோம். நம் கல்லூரி விழா ஒவ்வொன்றும் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தும் பிரிவுக்குப் பிந்தைய பாட்டுதான். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வரிகளுக்கு விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டமைத்தார். 1970-இல் அரசு அதை ஏற்றது. அந்த வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை பாடியிருப்போம்!

இப்போது தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். மக்களே, இந்த முறை சந்திப்பு மாலையில் நீங்கள் நடத்தும் மெல்லிசை நிகழ்ச்சியில் வழக்கமான அறுபதுகளோடு 'காகித ஓடம்' ஒன்று, 'இலக்கணம் மாறுதோ' ஒன்று, 'கனா காணும் கண்கள்' ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாடி முடித்த பிறகு மைக்கில் படம், வருடம், இசையமைப்பாளர் பெயர் மூன்றையும் சொல்லுங்கள். முன்னால் சொல்லிவிடாதீர்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் செட்டு ஆட்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.